வாரேன் என்று சொல்லாதவர்கள்

எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது "வாரேனுங்க" என்று சொல்லாமல் முதன்முதலில் எழுந்து போனவள் என் கொழுந்தனாரின் மனைவி. எனக்கு ஓரகத்தி. காபி குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், முந்தானையை உதறிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சாவு வீட்டிலிருந்துதான் அப்படி எழுந்து போவார்கள். அவளுக்கு மறதியும் உண்டு, என் மேல் கொஞ்சம் கடுப்பும் உண்டு. இரண்டில் ஒன்று என்று விட்டுவிட்டேன். நாங்கள் வெளிநாட்டில் குடியேறப் போகிறோம் என்று ஊருக்குச் சொன்னது அதற்கு முந்தின நாள்.

நாங்கள் இருந்தது கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்கிற பகுதியில், பஸ் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். நானும் என் வீட்டுக்காரரும் இந்த மலையில் பிறந்து, இந்த மலையிலேயே வாத்தியார் வேலை பார்த்தவர்கள். பிள்ளைகள் இல்லை. மிளகுக் கொடியும் பலா மரங்களும் கொஞ்சம் மரவள்ளியும் உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு, இன்னும் வேலை பார்க்க வருஷம் மிச்சமிருக்கும்போதே இரண்டு பேரும் விருப்ப ஓய்வு வாங்கியதற்கு ஒரே காரணம் என் மூச்சு.

ஐப்பசியில் மூடுபனி இறங்கினால் எனக்கு நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பிக்கும். தை முடியும் வரை உட்கார்ந்துகொண்டேதான் தூங்க வேண்டும். சிரிக்கலாம், ஆனால் அடக்கமாக. அழவே கூடாது; அழுதால் அடைத்துக்கொள்ளும். என் அம்மாவை எடுத்துக்கொண்டு போனபோதுகூட நான் இன்ஹேலரை வாயில் வைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நெஞ்சழுத்தக்காரி என்று அன்று பேர் வாங்கினேன்.

நாமக்கல்லில் பார்த்த டாக்டர், இந்தக் குளிர் இனி ஆகாது, கடற்கரைப் பக்கம் வருஷம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கிற ஊராகப் பாருங்கள் என்றார். அடிவாரத்தில் வாடகைக்கு இருந்து பார்த்தோம். லாரிப் புழுதியில் இன்னும் மோசமானது. தெற்கே ஒரு கடற்கரை ஊரில் ஒரு கோடையைத் தள்ளினோம். அந்த வெயிலில் என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்தார். அதன் பிறகுதான் அவர் செல்போனில் வெளிநாட்டு ஊர்களைப் பார்க்க ஆரம்பித்தார். பென்ஷனுக்குள் அடங்க வேண்டும், குளிர் கூடாது, அரிசிச் சோறு கிடைக்க வேண்டும், பக்கத்தில் ஆஸ்பத்திரி வேண்டும். ஒவ்வொரு நாடாகப் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒன்றில் விசா ஆகாது, ஒன்றில் வாடகை ஆகாது. கடைசியில் தாய்லாந்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் வந்து நின்றார். கடைத்தெருவுக்குப் போய்ச் சாதுவாகப் பருப்பு வாங்கி வருகிற மனுஷன், கடலைத் தாண்டுகிற பேச்சை எடுத்தபோது முகமே மாறியிருந்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஊருக்குச் சொன்னதும் எல்லோரும் வந்தார்கள். பொறாமைப்படுவார்கள் என்று நினைத்தேன், இல்லை. மூக்கை நுழைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. பலாச்சுளை, தேன், புது மிளகு என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சுவரையும் கூரையையும் பார்த்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவர்கூட "வாரேன்" என்று சொல்லவில்லை. நான்காவது ஆளும் அப்படியே எழுந்து போனதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உனக்கு எல்லாமே குத்தந்தான் அம்மிணி" என்றார்.

ஆவணியில் அந்த ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை. காற்றில் உப்பும் மீன் வாசனையும். பலாப்பழத்தை உரித்துப் பையில் போட்டு விற்கிறார்கள். நம்முடையதைப் போல ருசி இல்லை என்று தினமும் குறை சொல்லிக்கொண்டே தினமும் வாங்கினோம். அங்கே போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது, நான் மல்லாந்து படுத்திருந்தேன். விட்டத்தை நேராகப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. பக்கத்தில் அவர் விழித்திருந்தார். என் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இதுதான் ஊர் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

திரும்பி வந்தபோது எங்கள் மாட்டுக்கொட்டகையில் கொழுந்தனாரின் மாடுகள் கட்டியிருந்தன. எங்கள் தோட்டத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில் இருந்த வேலியைப் பிரித்து இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார். சண்டைக்குப் போகலாம் என்று இடுப்பில் முந்தானையைச் செருகினேன். ஆனால் கொழுந்தனார் எங்களைப் பார்த்த பார்வையில் குற்ற உணர்ச்சி இல்லை, திகைப்புதான் இருந்தது.

"வந்துட்டீங்களா அண்ணி?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு ஓரகத்தி எங்களுக்குச் சோறு போட்டாள். பக்கத்தில் உட்காராமல், நின்றுகொண்டே, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமை அறுப்பு முடிந்ததும் எங்கள் ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைப்போம். மேளத்தோடு வந்து வீட்டுக்கு ஒரு படி சாமை வாங்கி, ஒரே பானையில் போட்டுப் பொங்குவார்கள். திருப்பூரில் தறி ஓட்டுகிறவன், கேரளாவில் தோட்ட வேலைக்குப் போனவன், எல்லோர் பேரிலும் வீட்டில் இருப்பவர்கள் படி போடுவார்கள். நானும் சாமையைப் புடைத்து, படியில் கோபுரமாக அளந்து, வாசலில் வைத்துக் காத்திருந்தேன். மேளம் மேல்வீட்டில் நின்றது. எங்கள் வீட்டைத் தாண்டிக் கீழ்வீட்டில் நின்றது. எங்கள் வாசலைக் கடக்கும்போது மேளக்காரர் குச்சியை நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படியைத் தூக்கிக்கொண்டு நேராக ஊர்க்கவுண்டரிடம் போனேன். எங்கள் சின்ன ஊருக்கு நல்லது கெட்டது பார்க்கிறவர் அவர்.

"ஏனுங்க, எங்க ஊடு கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்றேன்.

அவர் எழுந்து நின்று என்னை உட்காரச் சொன்னார். "கோவிச்சுக்காத கண்ணு. நம்மூர்ல இதுவரைக்கும் யாரும் கடல் தாண்டிக் குடி போனதில்லீங்க. என்ன பண்றதுன்னு எங்களுக்கும் தெரியல. ஊர் கூடி உக்காந்து பேசினோம். இங்க சாமை போட்டவங்க பேர அம்மா கூப்புடுவா. அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு நீங்க எப்படி வருவீங்க? கூப்புட்டு வரலீன்னா அவளுக்குக் கோவம் வரும். அதனால உங்க ரெண்டு பேரையும் அம்மாகிட்ட சொல்லி உட்டாச்சு சாமி."

"உட்டாச்சுன்னா?"

"இனி உங்கள அவ தேட மாட்டா."

"அதுக்குத்தான் ஒருத்தரும் வாரேன்னு சொல்றதில்லீங்களா?"

"வாரேன்னு சொன்னா ஒரு கயிறு கட்டுன மாதிரிங்க. உங்க கால இழுக்கக் கூடாதுன்னுதான்."

எவ்வளவு அன்பாகச் சொன்னார்! என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். நாங்கள் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதைப் பற்றி ஊர் பேசவில்லை என்றார். என் படியை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தச் சாமையைப் பொங்கல் பானையில் போடவில்லை, தனியாக ஒரு முறத்தில் கொட்டி ஓரமாக வைத்தார். வெளியூர்க்காரர்கள் கொடுக்கிற தேங்காய் பழமெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, நான் எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொன்னேன். செத்தாலும் இங்கேதான் சாவேன் என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

மார்கழியில் அது வந்தது. விடிகிற நேரம், பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுப்படிக்குள் பனி புகுந்திருந்தது. இன்ஹேலரை அழுத்தினேன், ஒன்றும் உள்ளே போகவில்லை. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரின் குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. கொழுந்தனார்தான் என்னைத் தூக்கி ஜீப்பில் போட்டார். மலைப்பாதையில் எதிரே கை நீட்டினால் விரல் தெரியாத பனி. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அடித்தபடி அவர் இறக்கினார். ஓரகத்தி என் தலையை மடியில் வைத்து முதுகை நீவிக்கொண்டே வந்தாள். நான் சாகப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவள் முகத்தில் இருந்தது புதுத் துக்கம் இல்லை, ஒருமுறை அழுது முடித்த துக்கம்.

பிழைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொழுந்தனார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போயிருங்க அண்ணி. இங்க கெடந்து செத்துப்போனீங்கன்னா எங்களால தாங்க முடியாது. எங்கயோ உசுரோட இருக்கீங்கன்னு நெனச்சுக்கறோம்."

இந்த மனுஷன் எங்கள் நிலத்துக்காகத்தான் இப்படியெல்லாம் செய்கிறான் என்று இத்தனை மாதமாக மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! தலையை ஆட்டினேன். தையில் கிளம்பினோம்.

அன்று காலை ஊரே எங்கள் வாசலில் நின்றது. பெட்டிகளை அவர்களே பஸ்ஸுக்குக் கொண்டுபோனார்கள். சாவியை ஓரகத்தியிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, பிடிவாதமாக, "வாரேன்" என்றேன். "வாரேனுங்க." ஊர்க்கவுண்டரிடம் இரண்டு தடவை சொன்னேன். "வாங்க" என்று யாரும் சொல்லவில்லை. தலை குனிந்து நின்றார்கள்.

பஸ் புறப்பட்டு மேட்டில் ஏறித் திரும்பும் இடத்தில் எங்கள் வீடு கீழே நன்றாகத் தெரியும். எட்டிப் பார்த்தேன். ஊருக்குப் போனவர் போய்ச் சேரும் வரை எங்கள் பக்கம் வீட்டில் துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். ஓரகத்தி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி எங்கள் வீட்டைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வந்த தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி வாசலில் ஓடியது. என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாதி மலை இறங்கியதும் பனி விலகி வெயில் வந்தது. என் நெஞ்சு லேசாகியது. மூச்சு தாராளமாக வந்தது. அதற்குப் பிறகு அடிவாரம் வரை அழுதுகொண்டே வந்தேன்.