தீவுக்காரம்மா கேட்ட கவுன்

1. பாதியில் நின்ற கவுன்

கவுனுக்கு ஒரு கையை வைத்துத் தைத்துவிட்டு மறுகையை எடுத்தபோதுதான் செய்தி வந்தது. அந்தக் கவுன் யாருக்கோ, அவர் சீக்கில் இறந்துவிட்டார்.

கோவையில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மாதிரி உருப்படிகளும் ஒற்றை உருப்படிகளும் தைக்கும் சாம்பிள் டைலர் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவள். எதற்கும் பயப்படுகிறவள். காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் கேஸை மூடினோமா என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவேன்.

அந்த ஆர்டர் ஹவாய்த் தீவுக்காரர்களுடையது. பிழைப்புக்காகத் தீவை விட்டு அமெரிக்காவின் உள்ளே, பனி கொட்டும் ஓர் ஊரில் குடியேறிய குடும்பம். விசேஷம் என்றால் வீட்டார் அத்தனை பேரும் ஒரே பூப்போட்ட துணியில் உடுத்துவார்களாம். கவுனுக்கு உரியவர் அந்த வீட்டு அம்மா; அங்கே சர்ச் ஹாலில் தங்கள் தீவின் ஹூலா நடனம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் கற்ற வெள்ளைக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் அவருடைய பிறந்தநாளுக்கு அதே துணியில் சட்டை கேட்டிருந்தார்கள். அவருக்கு மட்டும் 'முமு' என்கிற தொளதொள கவுன். பச்சைத் துணியில் பெரிய பெரிய சிவப்புச் செம்பருத்தி.

"ஏனுங்க்கா, நம்ம நைட்டியத்தான் பேரு மாத்தி ஏரோப்ளேன்ல ஏத்தறாங்களா?" என்று செக்கிங் பெண்கள் கேட்டார்கள். காலையில் நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

2. மாஸ்டர் சொன்னது

கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமி அண்ணன் வந்து பார்த்தார்.

"சட்டையெல்லாம் போகட்டுமுங்க அம்மணி. இந்தக் கவுன வேஸ்ட் மூட்டையில போட்டுருங்க. போனவங்க துணிய மெஷின்ல வெச்சுத் தெப்பாங்களா? அதும் செகப்புப் பூவு!"

எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு துணி கிடக்கிறது. தீபாவளிக்கு என் வீட்டுக்காரருக்கு வெட்டிய சட்டை. தைப்பதற்குள் அவர் படுத்தார், பிழைக்கவில்லை. "இனி அதத் தெச்சு என்ன பண்ணப்போற, மூடி வெய்யி" என்றார் நாத்தனார். சுருட்டி வைத்தேன்.

வெளிநாட்டு ஆர்டர்காரர்களிடம் பேசுகிற மெர்ச்சண்டைசர் பிரியாவிடம் போனேன். "கண்ணு, அவங்க ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுப்போடு. நாம பாட்டுக்குத் தூக்கி எறிஞ்சம்னா பாவம்."

"நீங்களே கேளுங்கக்கா. நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

3. ஆடிய காலத்து அளவு

வீடியோ காலில் அந்த அம்மாவின் மகள் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஒற்றைக் கையோடு இருந்த கவுனைத் தூக்கிக் காட்டி, இதை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டது தப்போ என்று கவுனைக் கீழே இறக்கினேன். பிறகு மெல்லப் பேசினாள்.

"முடிச்சுக் குடுங்கன்றாங்கக்கா," என்றாள் பிரியா. "அடக்கத்துக்கு இன்னும் நாளிருக்காம். இதையே உடுத்தி அனுப்பறாங்களாம். வர்ற எல்லாரும் அந்தச் சட்டையிலதான் வருவாங்களாம்."

எனக்கு அடுத்த கவலை. "சீக்குல எளச்சிருப்பாங்கல்ல கண்ணு? பக்கத்தப் புடிச்சுக் கொறைக்கட்டுமான்னு கேளு."

பிரியா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வேண்டாமாம்க்கா. ஆடிட்டிருந்தப்போ இருந்த அளவே இருக்கட்டுமாம்."

மறுகையை வைத்தேன். பக்கத் தையலில் பூ உடையாமல் சேர வேண்டும் என்று இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். மாஸ்டர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் வாங்கிக்கொண்டுபோய் அவரே அயர்ன் போட்டார்.

கவுன் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிரியா சொல்லும்வரை தினமும் அவளை அரித்தெடுத்தேன்.

தையலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். துணிக்கு உரியவர் இறந்துவிட்டால் வெட்டிய துண்டுகளை நீங்களாக மூட்டையில் போடாதீர்கள். முதலில் அந்த வீட்டில் கேளுங்கள்.

கவுன் போய்ச் சேர்ந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை என் பீரோவைத் திறந்தேன். கடைசியில் என் வீட்டுக்காரர் குச்சியாக இளைத்துப்போயிருந்தார். நான் வெட்டி வைத்திருந்தது அவர் நன்றாக நடமாடியபோது எடுத்த அளவு. எதையும் குறைக்காமல் அப்படியே தைத்தேன். பட்டன் வைத்து ஹேங்கரில் மாட்டினேன்.

தோள் சரியாக விழுகிறதா என்று தெரியவில்லை. போட்டுப் பார்க்க ஆளில்லை.