மூன்று ரஜாய்களும் வங்கக் கடலும்

டெல்லி துவாரகாவிலிருந்து கடலைப் பார்க்க ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும். ஆனாலும் இருபது வருடமாக வங்கக் கடலின் நலத்தைத் தினமும் விசாரித்து வருகிறேன். எங்கள் வீட்டில் தமிழ்ச் செய்தி மட்டும்தான் ஓடும். நாகப்பட்டினத்தில் புயல் கூண்டு ஏற்றினால் டெல்லி மெட்ரோவில் நான் குடையோடு நிற்பேன்.

போன ஜனவரியில் மனைவியின் அண்ணன் மதுரையிலிருந்து குடும்பத்தோடு வருவதாக இருந்தார். மறுநாள் காலை ரயில் வந்துவிடும். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த ரஜாய் எனும் பஞ்சடைத்த கனத்த போர்வைகள் மூன்றும் பெட்டிக்குள் கிடந்து பாச்சை உருண்டை நாற்றம் அடித்தன. வெயில் காட்டியே ஆக வேண்டும்.

“மழை வருமா?” என்றாள் மனைவி.

ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். பாடம் எடுத்தேன். காற்றழுத்தம் தாழ்ந்த இடத்தில் காற்று குவியும், மேலே எழும், குளிரும், மேகமாகும். வங்கக் கடலில் தாழ்வு நிலை எதுவும் இல்லை. செய்தியிலும் வறண்ட வானிலை என்றுதான் சொன்னார்கள்.

மொட்டை மாடியில் நான் ரஜாய்களை விரிக்கும்போது, கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் தன் துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

“பையா, பாரிஷ் ஆயேகி. ஜல்தி உதாரோ!”

ராத்திரி குளிர் குறைந்திருந்ததாம், அதனால் மழை வருமாம், முழங்காலும் அதையே சொல்கிறதாம், சீக்கிரம் எடுத்துவிட வேண்டுமாம். மேகம் மூடினால் தரையின் சூடு வெளியேறாமல் இரவு கதகதப்பாக இருக்கும் என்று நானே படித்திருக்கிறேன். ஆனால் புத்தகம் சொன்னதை ஒரு முழங்கால் சொன்னால் ஏற்க மனம் வருமா? “அச்சா ஜி” என்று சொல்லிவிட்டு என் சால்வையையும் சேர்த்து விரித்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு மழை கொட்டியது. டெல்லியின் குளிர்கால மழை வங்கக் கடலிடம் அனுமதி கேட்பதில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், பாகிஸ்தான் வழியாக வருகிறது. மேற்கத்திய இடையூறு என்று பெயர். இதையும் படித்திருக்கிறேன், அன்று சாயங்காலம்.

நனைந்த ரஜாய் எருமைக்கன்று கனம் இருக்கும். மூன்றையும் நான்தான் இறக்கினேன்.

“உங்க வங்கக் கடல் நனையாம இருக்குல்ல? அது போதும்” என்றாள் மனைவி.

கீழ் வீட்டு அம்மாள் இரண்டு ரஜாய் கொடுத்தார். மூன்றாவதற்கு எங்களுடையது போயிற்று. காலையில் மச்சான் நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

“என்ன மாப்ள, நம்ம ஊர்ல நல்ல வெயிலு!”

“தெரியும்” என்றேன்.

மழை விட்டதும் மூடுபனி. ஈரப்பதம் ஏறிய காற்றில் எதுவும் காயாது என்பதைச் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் கிடந்த ரஜாய்கள் நான்கு நாள் விளக்கின. நான் இரண்டு ஸ்வெட்டரோடு படுத்தேன். சாயங்காலச் செய்தியில் ‘தமிழகத்தில் வறண்ட வானிலை நிலவும்’ என்றதும் ரிமோட்டைத் தேடினேன்.

“அணைக்காதீங்க” என்றாள் மனைவி, ஈர ரஜாயைத் திருப்பிப் போட்டபடி. “எந்த ஊர்லயாவது காயட்டும்.”