வலிக்காத கால்

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு முதன்முறையாகப் போனேன். எனக்கு முப்பத்தைந்து வயது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் சாலை பஜாரில் ஜவுளிக்கடை நடத்துபவர். இரண்டு பேர் இடம் பிடிக்கும் உடம்பு. பேச்சுக்கு நடுவே குனிந்து குனிந்து வலது பாதத்தில் போட்டிருந்த துணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்ன ஜோலி உமக்கு?"

"ஆபீஸ் கிளார்க்."

"இருந்த இருப்புதான், இல்லியா? சாயா எத்தனை?"

"ஆறு ஏழு ஆகும். கூடவே பழம்பொரி."

"எனக்கும் அதேதான். கடையில மெத்தையை விட்டு எந்திரிக்கவே மாட்டேன், எல்லாம் இருந்த இடத்துக்கு வந்திரும். போன மாசம் செருப்பைத் துளைச்சு ஆணி ஏறியிருக்கு. சாயங்காலம் வரைக்கும் தெரியல்ல. வீட்டுத் தரையில ரத்தத்தைப் பார்த்து பெஞ்சாதிதான் அலறினா."

"வலிக்கலையா?"

"வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே!"

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். சுவரைப் பிடித்து எழுந்தவர் என் கையைப் பற்றினார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"கால் விரலை எடுக்கணுமான்னு இன்னைக்குத்தான் சொல்லுவாங்க. நான் வெளிய வாறது வரைக்கும் இங்கயே இரும், கேட்டேரா?"

தலையாட்டினேன்.

அடுத்த அறையில் என்னைப் பார்த்து முடித்து, மருந்துச் சீட்டோடு வந்தபோது அவர் போன கதவு மூடியே இருந்தது. நிற்கத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறாமல் கரமனையில் என் வீடு வரை நடந்தேன், ஒவ்வோர் அடியிலும் தரை காலுக்குத் தெரிகிறதா என்று பார்த்தபடி.

அவர் வெளியே வந்து அந்த பெஞ்சைப் பார்த்திருப்பார்.