நான் தின்று கெடுத்த கல்யாணம்

எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தை நான் தின்றே கெடுத்தேன் என்று ஐம்பது வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மெல்பேர்னில் எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் யாராவது ஒரு கிழம் என் தட்டைப் பார்த்துச் சிரிக்கும். என் பிள்ளைகளுக்கே இந்தக் கதை மனப்பாடம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தின்றது உண்மை. நான்கு இடங்களில் தின்றேன். கெடுத்தது நானில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டு வயது. அப்பா படிக்க வந்து, வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டதால் நாங்கள் கிளென் வேவர்லியில் இருந்தோம். பழத்தோட்டங்களை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். அந்த டிசம்பர் விடுமுறையில் அம்மா என்னைத் தான் பிறந்த பினாங்குத் தீவுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே தாத்தாவும் சித்தியும் இருந்தார்கள். சித்தி அம்மாவின் தங்கை, இருபத்தொரு வயது. நாங்கள் போய் இறங்கிய நாலாம் நாள் ஈப்போவிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. தாத்தா எல்லாம் பேசி முடித்திருந்தார். அவர்கள் பத்து மணிக்கு வந்து, பெண்ணைப் பார்த்து, தட்டு மாற்றிவிட்டு, பன்னிரண்டு மணிப் படகைப் பிடித்து அக்கரைக்குப் போய் ரயிலேற வேண்டியதுதான் பாக்கி. சித்தியிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அந்த வீட்டில் இல்லை.

அன்று காலை ஏழு மணிக்குச் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு தாத்தா முன்னால் போய் நின்றாள்.

“இவளுக்கு ஊரக் காட்டிட்டு, அப்படியே தலைக்குப் பூவும் வாங்கிட்டு வந்துடறேம்பா. எட்டரைக்கெல்லாம் வந்துடுவோம்.”

தாத்தாவுக்கு ஊர்ப்பெருமை அதிகம். “கோட்டையக் காட்டு. பீரங்கியக் காட்டு. உங்க ஆஸ்திரேலியாவுல அதெல்லாம் கெடையாது” என்று எனக்கும் சேர்த்து ஒரு குத்து விட்டு அனுப்பினார். அம்மா எனக்குத் தலைவாரி, புது கவுன் மாட்டி, வாசல்வரை வந்து விட்டாள். சாப்பிட ஒன்றும் தரவில்லை.

பினாங்கில் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் நலமா என்று கேட்பதில்லை. பசியாறிட்டீங்களா என்று கேட்பார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் அவரவர் மொழியில் இதையேதான் கேட்பார்கள். வயிறு காய்ந்து கிடந்தாலும் ஆச்சு என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். அதுதான் மரியாதை. இதை எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல் என்றுதான் என் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்திருந்தார்கள். நாங்கள் வந்த முதல் நாளே பக்கத்து வீட்டம்மா கேட்க, நான் “இன்னும் இல்ல” என்று சொல்ல, அந்த அம்மா பதறிப்போய் ஒரு தட்டு தோசையோடு திரும்பி வந்தார். சித்தி கதவுக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாங்கள் பழைய ஊருக்குள் நடந்தோம். கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு கடையில் மசாலா அரைத்தார்கள், அடுத்த கடையில் கோப்பிக்கொட்டை வறுத்தார்கள், அதற்கடுத்த கடையில் ஒருவர் பனியனோடு நின்று பல் துலக்கினார். என்னை யாரும் அப்படித் தெருவில் நடத்திக் கூட்டிப்போனதே இல்லை. கிளென் வேவர்லியில் காரில் ஏறுவோம், காரில் இறங்குவோம்.

கோயிலுக்குப் பக்கத்தில் பூக்காரர் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே கேட்டார்: “பாப்பா பசியாறிட்டியா?”

“இன்னும் இல்ல.”

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. சித்தியை ஒரு முறை முறைத்தார். “என்னம்மா இது, புள்ளய பட்டினி போட்டா கூட்டிட்டு வருவாங்க?” என்று சொல்லி, பக்கத்துக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். இட்லி வந்தது. நான்கு தின்றேன். சித்தி என்னை அவசரப்படுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றச் சொன்னாள்.

பிறகு கடற்கரை. கோட்டைச் சுவர்மேல் ஏறினேன், பீரங்கிமேல் குதிரைபோல உட்கார்ந்தேன். கீழே இறங்கியதும் வாழையிலைப் பொட்டலம் விற்ற மலாய்ப் பெண்மணி என்னவோ கேட்டார். “பசியாறிட்டியான்னு கேக்கறாங்க” என்று சித்தி சொன்னாள். பீரங்கிமேல் அவ்வளவு நேரம் சவாரி செய்திருக்கிறேன், பசிக்காதா? இல்லை என்று தலையை ஆட்டினேன். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் கிடைத்தன. உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தப் பெண்மணி நான் பசியால் அழுகிறேன் என்று நினைத்து இன்னொரு பொட்டலம் பிரித்தார்.

மூன்றாவது இடம் ஒரு சீனர் கோப்பிக் கடை. அதைப் பற்றி ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். வாசலில் மூங்கில் கூடையில் பாவ் என்கிற உருண்டை ரொட்டி ஆவியில் வெந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்து. கடைக்காரர் கேட்டபோது எனக்குப் பசியே இல்லை. இருந்தும் இன்னும் சாப்பிடவில்லை என்றுதான் சொன்னேன். அந்த ஒரு பொய் என்னுடையது. பாவ் அப்படி இருந்தது.

அங்கிருந்து வெளியே வந்தபோது துறைமுகத்து மணிக்கூண்டில் மணி ஒன்பதேகால். எட்டரைக்கு வீட்டில் இருக்க வேண்டியவர்கள் நாங்கள். சித்தி மணிக்கூண்டைப் பார்த்தாள், தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். வீடு இடதுபக்கம். அவள் வலதுபக்கம் திரும்பினாள்.

அது அவளோடு படித்தவளின் வீடு. தோழி வேலைக்குப் போயிருந்தாள், தோழியின் அம்மா இருந்தார்.

“வாம்மா, வா. இதான் ஆஸ்திரேலியாப் பாப்பாவா? பசியாறிட்டியா கண்ணு?”

எனக்குத் தொண்டைவரை நிறைந்திருந்தது. அவசரத்தில் தமிழ் வரவில்லை. நாங்கள் மூன்று தடவை சாப்பிட்டாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது.

“ரொம்பப் பசிக்குதாம் அத்தை” என்றாள் சித்தி. “காலையிலேர்ந்து பச்சத்தண்ணிகூடப் பல்லுல படல.”

“அதானே! மூஞ்சியப் பாரு, எப்படி வாடிப்போயிருக்கு!”

ஒரு பெரிய மனுஷி இப்படிப் பச்சையாகப் பொய் சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதையும் பசி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அத்தை அடுப்பை மூட்டி, மாவு பிசைந்து, இடியப்பம் பிழிந்தார். சித்தி தேங்காய் துருவினாள். துருவும்போது பாடினாள். “சித்தி, அவங்க பத்து மணிக்கு வந்துடுவாங்களே” என்று நான்தான் இரண்டு தடவை நினைவூட்டினேன். “சாப்பிடுற வீட்டுல மணி பாக்கக் கூடாதுலா” என்று அத்தை என் கன்னத்தில் தட்டினார். சுடச்சுட இடியப்பம், மேலே தேங்காய், அதன்மேல் சீனி. எனக்குப் புரையேறும்வரை போட்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது பதினொன்றே முக்கால். ஈப்போக்காரர்கள் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, கேசரியை முழுக்கத் தின்றுவிட்டு, படகுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போயிருந்தார்கள். போகும்போது மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணுக்கு ஊர் சுத்துறதுதான் பழக்கம்போல, எங்களுக்குச் சரிப்படாது” என்று சொல்லிவிட்டாராம்.

தாத்தா போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. சித்தி என்னைக் காட்டினாள். “நான் என்னப்பா செய்ய? இவ போற எடத்துலல்லாம் பசிக்குதுன்னு நின்னா. பெரியவங்க எல போட்டா எந்திரிச்சு வரமுடியுமா?”

“எத்தனை எடத்துல தின்னே?” என்று தாத்தா என்னைக் கேட்டார்.

“நாலு” என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

தாத்தா அம்மா பக்கம் திரும்பினார். “ஏன், உம்புருஷன் அங்க புள்ளைக்கு சோறே போடறதில்லயா?”

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

மூன்று மாதத்தில் சித்தி நர்ஸ் படிப்புக்கு மெல்பேர்ன் வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அந்தப் படிப்புக்கான விண்ணப்பத்தை அப்பா முன்னமே வாங்கி வைத்திருந்தார். அந்த டிசம்பரில் அம்மாவின் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அதுவும் பினாங்குக்குப் போயிருந்தது. இது எனக்குத் தெரியவந்தது சித்தி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான். சண்டைக்கே போனேன். எல்லாம் பண்ணியது நீயும் அம்மாவும், இத்தனை வருஷமாக நான் பெருந்தீனியா என்று கேட்டேன்.

சித்தி அசரவில்லை. “நான் வேணாம்னு சொல்லியிருந்தா என் பேரு கெட்டிருக்கும், உங்க தாத்தா பேரும் போயிருக்கும். உனக்கு எட்டு வயசு. உன் பேரு கெட்டா என்ன போச்சு?”

என் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்று அடி வாங்கிய பிறகு நான் அறைக்குள் படுத்திருந்தேன். சித்தியின் கல்யாணம் என் வயிற்றால் போய்விட்டதே என்று எனக்கு மனசே ஆறவில்லை. தாத்தா தூங்கியதும் மன்னிப்புக் கேட்க எழுந்து போனேன். அம்மாவும் சித்தியும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்திருந்தாள். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். இரண்டு பேர் உடம்பும் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை.

“இனிமே யார் கேட்டாலும் பசியாறிட்டேன்னு சொல்றேம்மா” என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குலுங்கல் இன்னும் கூடிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, அவர்களுக்காக நானும் ஓவென்று அழுதேன். இரண்டு கைகள் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தன. இரண்டும் நிற்காமல் நடுங்கின.