அடிக்கிறத அப்புறம் அடி ஆத்தா

கொடைரோட்டில் பூ மூட்டையை இறக்கும்போதுதான் சொன்னார்கள், கால்நடை டாக்டர் ஸ்டெல்லா இறந்துவிட்டார் என்று. லாரி மோதிவிட்டதாம். அந்த லாரிக்காரனை இழுத்துப்போட்டு மிதிக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் வந்தது. அழுகை வீட்டுக்கு வந்த பிறகு வந்தது.

ஆடு மாடு வைத்திருந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். சினைமாட்டை அடித்தவன் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி அவன் முதுகிலேயே வைத்தவர். இனிக்கப் பேசத் தெரியாது. எனக்கு அவர்மேல் ஏழு வருசப் பகை இருந்தது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

என் செவலை நாய் பூச்சிமருந்தைத் தின்று விழுந்து வெட்டி வெட்டி இழுத்தபோது, மருந்து குடித்த மனுசருக்கு எங்கள் பக்கத்தில் செய்கிறதையே செய்தேன். காலால் அமுக்கி, மண்வெட்டிக் காம்பால் வாயை நெம்பி, சாணியைக் கரைத்து ஊற்றினேன். யாரோ சொல்லி டாக்டரம்மா வந்தார். வந்த வேகத்தில் சாணிச் சட்டியை எட்டி உதைத்தார். அதற்குள் செவலை மூக்கில் சாணித் தண்ணீர் வழிய அடங்கிவிட்டது. ஊரே கூடி நின்று பார்க்க, டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இழுப்பு வந்த நாய்க்கு வாயில பச்சத்தண்ணிகூட ஊத்தக் கூடாது. நுரையீரலுக்குப் போயிரும். மருந்து வச்சவன் பாதி கொன்னான் ஆத்தா. மீதிய நீ கொன்ன."

அவர் நாக்கை அறுக்கலாமா என்றிருந்தது. அதன்பின் ஆட்டுக்கு ஊசி போடக்கூடத் திண்டுக்கல்லுக்கே போனேன். ஏழு வருசம் நாயும் வளர்க்கவில்லை.

மருந்து வைத்தவன் என் கொழுந்தன் முத்துவேல். அவன் கோழியை நாய் பிடிக்கிறதென்று வரப்பில் கோழிக்குடலுக்குள் வைத்திருந்தான். அன்றோடு அவனிடமும் பேச்சு நின்றது.

போன தையில் என் புது நாய் கருப்பாயி அதே வரப்பில் நுரை தள்ளி விழுந்தது. சாணிப்பக்கம் நான் போகவில்லை. ரோசத்தை விழுங்கிக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். போட்ட கையோடு உலக்கையை எடுத்துக்கொண்டு முத்துவேல் வீட்டுக்குப் போனேன். தோளில் ஒன்று வைத்தேன். அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். பல் ஒன்று உடைந்தது.

நாயைப் பார்க்க வந்த டாக்டரம்மா, கூச்சல் கேட்டு அங்கே வந்து, வண்டியைக் கீழே போட்டுவிட்டு நடுவில் புகுந்தார். நான் அவனுக்கு ஓங்கியது அவர் கையில் விழுந்தது. அந்தக் கையாலேயே உலக்கையைப் பிடித்தார்.

"அடிக்கிறத அப்புறம் அடி ஆத்தா. என்ன மருந்துன்னு மொதல்ல கேளு. தெரிஞ்சாத்தான் ஊசி."

வாயில் ரத்தத்தோடு கேட்டேன். "என்னத்தடா வச்ச?"

"நாயிக்காகவா மதினி எங்கிட்டப் பேசுற?" என்று இளித்தான்.

"நாயிக்காகத்தான். சொல்லு."

கூரையில் செருகியிருந்த பாக்கெட்டை உருவி என் காலடியில் எறிந்தான். குனிந்து பொறுக்கினேன். அந்தக் குனிவை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

டாக்டரம்மா பாக்கெட்டைப் படித்துவிட்டு, வீங்கிய கையாலேயே ஊசிமேல் ஊசி போட்டார். மறுநாள் கருப்பாயி தலை தூக்கியது.

அடக்கத்துக்கு முத்துவேல் மாலையோடு வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்தில் கிடந்த கல் ஒன்று என் கைக்கு வந்துவிட்டது. பெட்டியைப் பார்த்தேன். கல்லைக் கீழே போட்டேன்.

கருப்பாயி வாசலில் கிடக்கிறது. அந்தப் பாக்கெட் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. டாக்டரம்மா அப்புறம் என்று தள்ளிவைத்த அந்த அடியும் என்னிடம்தான் இருக்கிறது.