ஒரு மூடி சிரப்புக்கு ஆண்டவர் கேட்ட கணக்கு

ஒரு தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொள்ள, அது எத்தனை பேர் வீட்டில் நடக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததை மறைக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் நிறைந்த தெருவில் எங்கள் வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒன்றரை வயது மகள் ரூத்தை, எங்கள் சபையைச் சேர்ந்த எஸ்தர் அக்காவிடம் விட்டுவிட்டு ஏனாத்தூருக்குப் பஸ் ஏறுவேன். அக்கா எங்கள் தெருவிலேயே, தன் வீட்டில் ஐந்தாறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். பெண்கள் ஐக்கியத்தில் முன்னின்று ஜெபிப்பவர். வேறென்ன சான்று வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

போன ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் அழைக்கப் போனபோது ரூத் எழுந்திருக்கவில்லை. தூக்கினேன். தலை பின்னால் சாய்ந்தது. தண்ணீர் தெளித்தேன். அசையவில்லை. சட்டையில் சளி மருந்து வாசனை. ஆட்டோவில் "இயேசப்பா, இயேசப்பா" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. தூக்கம் வரவைக்கும் சிரப் அளவுக்கு மேல் போயிருக்கிறது என்றார் டாக்டர். மறுநாள் காலை என் பிள்ளை கண் திறந்து "மா" என்றாள். அந்த ஒரு எழுத்துக்கு ஆயுள் முழுக்க நன்றி சொன்னாலும் போதாது.

அக்காவிடம் போய்க் கேட்டேன். எங்கள் தெருவில் பட்டு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அதைப் பாவு என்போம்.

"இன்னாமா, பெருசா கேக்க வந்துட்ட? பாவு நீட்டுற நேரத்துல புள்ளைங்க உள்ள பூந்து ஓடுனா இழை அறுந்துடும். அவங்க என்னைத்தான் திட்டுவாங்க. ஒரு மூடி குடுத்தா கம்முனு தூங்குதுங்க. உனக்கு அது தப்பா தெரியுது, எனக்குத் தெரியல. அவ்ளோதான்."

சபைப் பெண்களிடம் சொல்லி அழுதேன். "என் பையனும் அங்கதான் இருக்கறான், நல்லாத்தானே இருக்கறான்? நீ ஓவரா யோசிக்கறபா," என்றாள் ஷீலா. "நியாயந்தீர்க்கக் கூடாதுன்னு வேதத்துல இருக்குது. அவங்கவங்க சூழ்நிலை அவங்கவங்களுக்கு."

அவனவன் தன் கண்ணுக்குச் சரியாகப் பட்டதைச் செய்த காலத்தைப் பற்றி வேதத்தில் வாசித்திருக்கிறேன். அது எப்போதோ முடிந்துபோனது என்று நினைத்திருந்தேன்.

அதன்பின் மன்னிக்கிற மனதை நான் கேட்கவே இல்லை. பழி கேட்கும் சங்கீதங்களைத் தேடி எடுத்து, அக்காவின் பெயரைச் சேர்த்து வாசித்தேன். கர்த்தாவே, அவள் வெட்கப்பட வேண்டும். அவளுக்குப் பரிந்து பேசிய வாய்கள் அடைபட வேண்டும். அடுப்படியில் நின்று ஜெபித்தேன். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். இப்படி ஜெபிக்கலாமா என்று பயந்தேன். பயந்துகொண்டே மறுபடியும் ஜெபித்தேன்.

புரட்டாசியில் அறுப்பின் பண்டிகை. பிரசங்கம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் பாட வேண்டும். அதுவரை பின்னறையில் அவர்களைப் பார்த்துக்கொண்டவர் எஸ்தர் அக்கா. ரூத் மட்டும் என் மடியில் இருந்தாள். ஆயர் அழைத்தார். யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தார். ஷீலா உள்ளே போனாள். அவள் போட்ட அலறலில் ஆராதனை நின்றது.

நான்கு பிள்ளைகள், தலையில் காகிதக் கிரீடங்களோடு, பாயில் சுருண்டு கிடந்தார்கள்.

"பிரசங்கம் இழுக்கும்னு ஒரு மூடி குடுத்தேன். அதுக்கு ஏம்மா இப்படிக் கத்தறீங்க?" என்றார் அக்கா.

"கொலைகாரி!" என்றாள் ஷீலா.

"ஏன் ஷீலா, அவங்கவங்க சூழ்நிலை இல்லையா?" என்று கேட்டேன். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவளிடம்தான் கேட்டேன்.

அந்தப் பிள்ளைகளுக்காக அப்போது நான் ஜெபிக்கக்கூட இல்லை. ஆனாலும் கர்த்தர் சாயங்காலத்துக்குள் நால்வரையும் எழுப்பிவிட்டார். வாய்கள் அடைபட்டன. அக்காவின் வீட்டுக்கு அதற்குப்பின் ஒரு பிள்ளையும் போகவில்லை. ஷீலா வந்து என் கையைப் பிடித்து அழுதாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. முழங்காலில் நின்று நன்றி சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். ஐயோ, பிறர் பிள்ளைகளின் வழியாகவா இதைக் கேட்டேன்?

இப்போது நானும் ஷீலாவும் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம். யார் பெயரையும் சொல்லி ஜெபிக்குமுன் இரண்டு முறை யோசிக்கிறேன். சகோதரிகளே, உங்கள் கண்ணீரை ஊர் அலட்சியம் செய்தால் கர்த்தரிடம் கொண்டுபோங்கள். அவரிடம் ஆளுக்கு ஓர் அளவுகோல் கிடையாது.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். அக்கா ஐயம்பேட்டைக்குக் குடிபோய், அங்கே மறுபடியும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாராம். அந்தத் தாய்மார்களிடம் போய்ச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் புறப்பட நினைக்கும்போதெல்லாம் என் கண்முன் வருவது அந்தப் பிள்ளைகளின் முகம் அல்ல, அக்காவின் முகம் கறுத்துப்போவதுதான். நினைத்தாலே இனிக்கிறது. இந்த இனிப்போடு நான் போகலாமா? இது தீரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் யாராவது ஒரு பிள்ளை எழுந்திருக்காமல் போய்விடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.