நிறுவனரின் மதிப்பெண் தாள்

எங்கள் மத்தியஸ்த மையத்தை ஆரம்பித்தவருக்கே நான் ஃபெயில் போட்டேன். அதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

சேலம் கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனபின் சங்ககிரியில் இந்த மையத்தில் சேர்ந்தேன். மத்தியஸ்தர் ஆக விரும்புகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, டெஸ்ட் வைப்பது இரண்டும் என் பொறுப்பு. நாங்கள் தரும் சான்றிதழ் செல்லுபடியாக வேண்டுமானால் மையத்துக்கு முதலில் அங்கீகாரம் வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்து பாடத்திட்டம், டெஸ்ட் தாள்கள், புகார் விசாரிக்கும் முறை எல்லாவற்றையும் பார்க்கும். அங்கீகாரம் வராவிட்டால் எங்களிடம் தேறிய பதினோரு பேரின் சான்றிதழும் வெறும் காகிதம்.

1. கை குடுங்க

நிறுவனர் குப்புசாமி அண்ணன் லாரி ஓனர். லாரிக்காரர்களின் தகராறுகளைப் பல வருடமாகத் தீர்த்து வைத்தவர். அவரும் பயிற்சி முடித்து டெஸ்டுக்கு வந்தார். பிரிய நினைக்கும் இரண்டு லாரித் தொழில் பார்ட்னர்களாக இருவர் நடித்தார்கள். மத்தியஸ்தர் கேள்வி கேட்டு, காது கொடுத்து, அவர்களையே முடிவுக்கு வரவைக்க வேண்டும். அண்ணன் ஏழாவது நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

"வண்டி இவனுக்கு, புக்கிங் ஆபீசு உனக்கு. ரெண்டு பேரும் கை குடுங்க" என்று இருவர் கையையும் பிடித்துச் சேர்த்தார். அவர் சேர்த்து வைத்த கையை இந்த ஊரில் யாரும் உதறியதில்லை. நான் ஃபெயில் போட்டேன்.

"ஏனுங்கம்மணி, நான் கட்டுன எடத்துலயே நான் ஃபெயிலுங்களா?"

"ஆமாங்கண்ணா. நீங்க தீர்ப்பு சொல்லிட்டீங்க."

அன்று மாலை மையத்தின் செயலாளர் வந்தார். "மார்க்க மாத்துங்க மேடம். குழு வாரப்ப நிறுவனரே ஃபெயிலுன்னு இருந்தா நம்ம மானம் கப்பலேறிருமுங்க."

"மாத்தணும்னா முதல்ல என்னை மாத்துங்க" என்றேன்.

2. குழுவின் கேள்வி

குழு வந்த அன்று அண்ணனின் மதிப்பெண் தாளை ஃபைலில் மேலாக வைத்தேன். சற்றுத் திமிராகத்தான் வைத்தேன். குழுத் தலைவி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவருக்குப் பயிற்சி குடுத்தது யாரு?"

"நான்தான்."

"மார்க் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப உங்க ஃபெயிலயும் நம்ப முடியாது, பாஸயும் நம்ப முடியாதும்மா."

எனக்கு ரத்தம் கொதித்தது. கோர்ட்டில் ஒரு பக்கத்தைக்கூடத் திருத்தாதவள் நான். ஆனால் அவர் கேட்டது என் நேர்மையைப் பற்றி அல்ல என்பது வீட்டுக்குப் போனபின்தான் உறைத்தது. நாளைக்கு என் இடத்துக்கு, மார்க்கை மாற்றித் தருகிற ஒருவர் வரலாம். அவரைத் தடுக்க எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. அங்கீகாரத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

3. வெளியாள்

செயலாளர் உடனே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். "ஆத்தூர்ல ஒரு வக்கீல் இருக்காருங்க. நம்ம போட்ட மார்க்குலயே அவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கலாமுங்க."

முடியாது என்றேன். அதே வக்கீலை வரவழைத்து, பன்னிரண்டு பேருக்கும் முதலிலிருந்து டெஸ்ட் வைக்கச் சொன்னேன். நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் மறுபடியும் கையைச் சேர்த்து வைத்து ஃபெயில் ஆனார். நான் பாஸ் போட்டிருந்தவர்களிலும் இரண்டு பேர் ஃபெயில். அதில் ஒருத்தி, என் வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று நான் நினைத்திருந்தவள். வலித்தது. அந்த மதிப்பெண்ணை மறுபடி பார்க்கும்படி நான் கேட்கவில்லை.

இனி டெஸ்ட் வைப்பது வெளியாள்தான் என்று குழுவுக்கு எழுதி, புது மதிப்பெண் தாள்களையும் அனுப்பினோம். அங்கீகாரம் வந்தது. எங்கள் முதல் பட்டியலில் ஒன்பது பேர்தான்.

மையம் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மார்க் போடும் பேனாவை முதலில் உங்கள் கையிலிருந்து பிடுங்கச் சொல்லுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஃபெயிலான இருவருக்கும் மீண்டும் பாடம் ஆரம்பித்தேன். குப்புசாமி அண்ணனும் ஒரு நோட்டோடு வந்து நின்றார்.

"அம்மணி, மூணாந்தடவையும் அந்த வக்கீலு ஃபெயிலு போட்டுட்டாருன்னா?"

"போட்டா போடட்டும்ங்கண்ணா. உக்காருங்க."